சரக்கு பெட்டியில் இல்லை

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் கொடுத்தது. ஜனவரி முதல் மே பாதி வரை டயர் மாற்றிய தேதியும் டீசல் போட்ட ஊரும்தான் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வெறும் பக்கம். அந்த வெறும் பக்கங்களை அப்படியே விட மனசு வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். ஏழாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்.

காலையில் காபிக்கு மூன்று டம்ளர் எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாவதையும் மகன் இசக்கியே குடித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

துறைமுக யார்டில் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டமுத்து கன்டெய்னர் லாரி டிரைவர். துறைமுகத்தில் ஏற்றுவார், ஓசூர் வரை போவார், திரும்புவார். இந்தத் தூத்துக்குடியில் அவரைத் தெரியாத டிரைவர் கிடையாது. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யார்டில் கன்டெய்னர் பெட்டி இறக்கக் காத்திருந்தார். இறக்குகிற வரைக்கும் டிரைவர் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் இறங்கியிருக்கிறார். தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி, பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிற ஓரத்துக்கு நடந்திருக்கிறார். பெட்டி தூக்குகிற வண்டி பின்னால் வந்திருக்கிறது. அவரும் பார்க்கவில்லை, அதை ஓட்டினவனும் பார்க்கவில்லை.

இவ்வளவுதான் சொன்னார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நம்ம தெருவில் ஆட்டோ திரும்பினாலே என் கையைப் பிடித்து ஓரமாக இழுக்கிறவர் அவர். அந்த மனுஷன் எதற்கு இறங்கினார்? அந்த ஓரத்தில் அவருக்கு என்ன வேலை? சோறு பொங்கினாலும் துணி துவைத்தாலும் இதே கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது.

ஜூன் 11, புதன்

தண்ணீர் வரவில்லை.

கூட வேலை பார்த்த டிரைவர்கள் வந்து போகும்போதெல்லாம் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்குத் தெரியாததெல்லாம் சொல்கிறார்கள். இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிப் போட்டு, எல்லோரும் வந்து படிக்கிற மாதிரி செய்ய முடியுமா என்று இசக்கியிடம் கேட்டேன். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அப்பா போனதிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். முடியும், பிளாக் என்று அதற்குப் பேர் என்றான்.

அப்படியானால் அன்றைக்கு யார்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் எழுதலாம் இல்லையா என்றேன். எதுக்கும்மா அதெல்லாம் என்றான். எனக்குத் தெரியணும்யா என்றேன். சரி என்று எழுந்து போனான்.

அவனுடைய போன் கட்டிலில் கிடந்து அடித்தது. அவன் எடுப்பதே இல்லை. அடித்தால் உடம்பெல்லாம் ஒரு முறை தூக்கிப் போடுகிறது. ஆபீசிலிருந்து கூப்பிட்டாலும் எழுத்தில்தான் பதில் அனுப்புகிறான்.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

இசக்கி அவனுடைய காலேஜ் காலத்து லேப்டாப்பைத் தையல் மிஷின் மேல் வைத்து நேற்றிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறான். நான் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவன் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "சே, கன்டெய்னர் செத்துருச்சு. கொன்னுட்டு மறுபடி எழுப்பணும்" என்றான்.

சுளகு என் கையிலிருந்து விழுந்தது. வீடெல்லாம் அரிசி. என்ன சொன்ன, என்ன சொன்ன என்று கத்தியிருக்கிறேன். அடுத்த வீட்டுக் கோமு அக்கா ஓடி வந்துவிட்டாள். இசக்கி முகம் வெளிறிப்போய் நின்றான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

அவர்கள் வேலையில் கன்டெய்னர் என்று ஒன்று இருக்கிறதாம். இரும்பு கிடையாது, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. துறைமுகத்துப் பெட்டியைப் பார்த்துத்தான் அந்தப் பேரே வைத்தார்களாம். எந்த ஊரில் எந்த வண்டியில் ஏற்றினாலும் பெட்டிக்குள் இருப்பது மாறாது இல்லையா, அது மாதிரி. நம்ம பிளாக் பக்கத்துக்கு இரண்டு பெட்டி. ஒன்று எழுத்தை ஆட்களுக்குக் காட்டும். இன்னொன்று எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டும் எழும்பும். அதில் ஒன்று எழும்பாமல் படுத்துவிட்டது. அதைத்தான் செத்துவிட்டது என்றானாம்.

உங்க ஆட்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

பெட்டி செத்துப்போனால் உள்ளே எழுதினதெல்லாம் போய்விடுமே என்றேன். அதற்கு அவன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. "சரக்கு பெட்டியில இருக்காதும்மா. அது வெளிய ஒரு குடோன்ல இருக்கும். வால்யூம்னு சொல்லுவோம். பெட்டிய நூறு தடவ தூக்கி எறிஞ்சிட்டு வேற பெட்டி வச்சாலும், குடோன் அப்படியே கிடக்கும். பெட்டி போனா சரக்கு போகாது."

வால்யூம் என்றால் டிவியில் சத்தம் கூட்டுவதில்லையா என்றேன். அது வேற வால்யூம்மா என்று சிரித்தான். அவன் சிரித்து ஒரு மாதம் இருக்கும்.

கோமு அக்கா வாசலில் நின்றபடியே, "ஊர்ல எல்லாரும் கல்லுல சமாதி கட்டுவாவ. நீங்க நெட்டுல கட்டுதியளாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு வாய் அப்படி. சாயங்காலம் அவளே வந்து மீதி அரிசியைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

பக்கம் எழும்பிவிட்டது.

முதல் கதை நான் வாயால் சொல்ல இசக்கி அடித்தான். ஓசூரில் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பூனை நான்கு குட்டிகளோடு உட்கார்ந்திருந்த கதை. சீல் உடையவில்லை. சரக்குக் கணக்கில் பூனை இல்லை. இறக்க வந்தவன் கணக்கில் இல்லாததை இறக்க மாட்டேன் என்று சண்டை போட, இவர் அந்தப் பூனையைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தூத்துக்குடிக்கே கொண்டுவந்தார். அதன் வம்சம்தான் இன்றைக்குக் கோமு அக்கா வீட்டில் மீன் திருடுகிறது.

கடைசியில், "அன்றைக்கு யார்டில் இருந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள், அவர் ஏன் இறங்கினார் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று போடச் சொன்னேன். இசக்கியின் விரல் நின்றது. வேண்டாமே என்றான். போடு என்றேன். போட்டான்.

யார் எழுதினாலும் முதலில் நான் பார்த்துவிட்டுத்தான் வெளியே காட்டும்படி வைக்கிறேன் என்றான். கண்டவனும் கண்டதை எழுதுவான் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதின உடனே எனக்குத் தெரியணும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் போனிலும் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தான். அவரோடு வேலை பார்த்த டிரைவர்களுக்கும் அனுப்பினான்.

ஜூன் 18, புதன்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு டிரைவர் எழுதியிருக்கிறார். தன் வண்டி பழுதாகி நின்றபோது என் வீட்டுக்காரர்தான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனாராம். வழியெல்லாம் மகனைப் பற்றியே பேசினாராம்.

வாஸ்தவம்தான். அவர் இசக்கியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பிறந்த அன்றிலிருந்து தம்பிதான். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். நான் பெத்த பிள்ளை உங்களுக்குத் தம்பின்னா நான் உங்களுக்கு அம்மாவா என்று கேலி செய்வேன். அம்மாக்கு அம்மா, வீட்டுக்காரிக்கு வீட்டுக்காரி என்பார்.

அந்தப் போன் நொறுங்கிப்போய்ப் பிளாஸ்டிக் கவரில் கிடக்கிறது. அதிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா என்று அப்போதே இசக்கியிடம் கேட்டேன். ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டான்.

ஜூன் 21, சனி

ரேஷனில் பருப்பு இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜூன் 23, திங்கள்

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது போனைத் திறந்து பார்த்தேன். பூனைக் கதைக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தது. பேர் இல்லை. வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவள் இடித்துக்கொண்டே இருந்தாள். நான் ஓரமாக வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அண்ணி, மன்னிச்சுக்கிடுங்க. பேர் போட்டா வேலை போயிரும். அன்னிக்கு நான் பெட்டிக்கு லாக் கழட்டுற வேலையில நின்னேன். அண்ணன் போன்ல பேசிக்கிட்டேதான் இறங்குனாவ. இரு தம்பி, வெயில்ல எழுத்து தெரியல, நிழலுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுதேன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. பெட்டி நிழல்ல நின்னு போனைக் கண்ணுகிட்ட வச்சுப் பார்த்தாவ. நான் கத்துனேன். மிஷின் சத்தத்துல கேக்கல."

பருப்பு வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எந்த வழியாக வந்தேன் என்று தெரியவில்லை.

நிழலுக்குப் போயிருக்கிறார். வேறொன்றும் இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி டிவி மேல்தான் இருக்கிறது. அன்றைக்கு அதை எடுக்காமல் போயிருக்கிறார். எழுத்து தெரியவில்லை, நிழலுக்குப் போயிருக்கிறார்.

அவருக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவர் உண்டு. லிங்கத்துரை, கோவில்பட்டியில் இருக்கிறார். பொதுச் சுவர்ச் சண்டைக்குப் பிறகு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இழவுக்கு வந்தபோதுகூட வாசலோடு நின்றுவிட்டுப் போனார். இருந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். திடீரென்று தோன்றியிருக்கும், போன் செய்திருப்பார். லிங்கத்துரையாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் இசக்கிக்கு முட்டை பொரித்தேன். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். பசிக்கவில்லையா என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றான். லேப்டாப் மூடியிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் பக்கத்தைத் திறந்தேன். பூனை இல்லை. திண்டுக்கல்காரர் இல்லை. ஒருவரும் இல்லை. வெள்ளையாக இருந்தது. நடுவில் பெரிய எழுத்தில் "வணக்கம் உலகே!" என்று இருந்தது. அதன் கீழே, இது உங்கள் முதல் பதிவு, இதைத் திருத்துங்கள் அல்லது அழித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள் என்று இருந்தது.

யாரோ என்னிடம் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். யார் என்று நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இசக்கியிடம் ஓடினேன். யாரோ வணக்கம் சொல்லியிருக்காவ, பாரு என்றேன்.

அவன் நிமிரவில்லை. அது யாரும் எழுதினதில்லை, புதிதாகப் போட்டால் அதுவே எழுதிக்கொள்வது என்றான்.

எழுதினதெல்லாம் எங்கே என்றேன்.

"பெட்டி போயிருச்சும்மா. தெரியாம நீக்கிட்டேன். எல்லாம் போயிருச்சு."

பெட்டி போயிருச்சு என்றான். குடோன் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன். நிறைந்த குடத்தையே மறுபடி குழாயடியில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கோமு அக்காதான் குழாயை மூடினாள்.

ஜூன் 27, வெள்ளி

அவன் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது. காபி மட்டும் குடிக்கிறான். கன்னம் ஒட்டிவிட்டது. என் முகத்தைப் பார்ப்பதில்லை. சென்னைக்குப் போய்விடட்டுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அதைப் பேர் சொல்லி எழுத மாட்டேன். ஆனால் இன்றைக்கு அவன் குளிக்கப் போனபோது கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 28, சனி

காலையில் சாமி விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு, இசக்கி, வந்து உட்காரு, புதுசா முதல் கதை போடணும் என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றான். இல்லை, இப்போது என்றேன். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தேன், அவன் முகம் எனக்குத் தெரியாத மாதிரி.

நான் சொன்னேன், அவன் அடித்தான்.

என் வீட்டுக்காரர் பட்டமுத்து அன்றைக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனார் என்றேன். அடித்தான். அவருக்கு ஒரு போன் வந்தது என்றேன். விரல் நின்றது. போடு என்றேன். அவன் போடவில்லை. அதனால் அடுத்த வரியையும் நானே சொன்னேன். "அவுக தம்பி கூப்பிட்டான். தம்பி கூப்பிட்டா எடுக்காம இருக்க அவுகளுக்குத் தெரியாது."

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ பாத்துட்டியாம்மா."

"ரேஷன் கடையில பாத்தேன்யா."

அவன் அப்படியே தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்தான். சொல்லத் தொடங்கியபோது குரல் அவனுடையதாகவே இல்லை. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரியவில்லை, அவன் சொன்ன வரிசையில் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மறுநாள் ஊருக்கு வர ரயில் டிக்கெட் போட்டிருக்கிறான். தட்கல். திறந்த இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுமாம். டிக்கெட் போடுகிற கணக்கு என் வீட்டுக்காரர் போன் நம்பரில் இருக்கிறது, ஓடிபி என்கிற ரகசிய நம்பர் அவருக்குத்தான் போகும். கூப்பிட்டு, அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க என்றிருக்கிறான். எழுத்து தெரியவில்லை, இரு தம்பி என்று நடந்திருக்கிறார். பிறகு நின்று, ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார்.

"நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, மூணுன்னாரும்மா. ஆறு நம்பரு. அஞ்சுதான் சொன்னாரு. அப்புறம் ஒரு சத்தம். லைன் உடனே கட்டாகல. நான் கத்துனேன். அடுத்த நம்பர் சொல்லுங்கப்பான்னு கத்துனேன். டைம் முடியுது, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீகன்னு கத்துனேன். திட்டினேம்மா. அங்க அவரு கெடக்காரு, நான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் காதுக்குள் அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவன் தோள் குலுங்குவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பிறகு எழுந்து போய் அவன் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பிடிப்பேன். தலை கொதித்தது.

டிக்கெட் கேட்டது என்னைப் பார்க்க வரத்தானே என்றேன்.

உங்க ரெண்டு பேரையும் என்றான்.

"நீ சும்மா கூப்பிட்டாலும் எடுத்திருப்பாவ. நீ பரீட்சை ஹாலுக்குள்ள இருந்து கூப்பிட்டாலும் எடுப்பாவ. நிழலுக்குப் போனது அவுக. நீ அனுப்பல."

அதை அவன் நம்பினானா என்று தெரியவில்லை. நான் நம்புகிறேனா என்று கேட்டால், நாளைக்குக் கேட்டால் நம்புவேன்.

சோறு வைத்தேன். ரசத்தில் பிசைந்து நான்கு வாய் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்தவன், "குடோன அழிக்கலம்மா. அழிக்கத்தான் உக்காந்தேன், கை வரல. பெட்டிக்கும் அதுக்கும் உள்ள கயித்த மட்டும் அவுத்து வேற காலி குடோன்ல கட்டிவிட்டேன்" என்றான்.

அது எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. சொல்லிவைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

திருச்செந்தூர் ரோட்டில் ஏதோ வேலை, கரண்ட் காலையிலிருந்து இல்லை. மத்தியானம்தான் வந்தது. இசக்கி லேப்டாப்பைத் திறந்து, ஒரு கட்டளை அடித்துப் பெட்டிகளை இறக்கினான். இன்னொரு வரியைத் திருத்தினான். மறுபடி ஒரு கட்டளை. இரண்டு பெட்டியும் எழும்பின.

பூனை வந்துவிட்டது. திண்டுக்கல்காரர் வந்துவிட்டார். பேர் போடாத அந்தப் பிள்ளை எழுதினதும் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது.

நான் கருவாடு வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பும்போது என் போன் அடித்தது. இசக்கி. ஒரு மாதத்துக்கு மேலாக யாருக்கும் போன் செய்யாதவன். எடுத்தேன். பக்கத்தைப் பார்த்தியா என்று மட்டும் கேட்டான். இனிமேல்தான் என்றேன். வைத்துவிட்டான்.

கோயில் சுவர் ஓரமாக நின்று திறந்தேன். வெயிலில் எழுத்து தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். அந்தப் பிள்ளை எழுதினதற்கு நேர் கீழே இசக்கி பதில் எழுதியிருந்தான்.

"நீங்கள் கத்தியதற்கு நன்றி அண்ணே. அவர் பேசிக்கொண்டிருந்த தம்பி நான்தான்."